வடிவு என்டர்பிரைசஸ்

ஜூன் 5, வியாழன்

ஒன்பது மணிக்குமேல் நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தோம். கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். என் புத்தக அலமாரிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் துணி துவைக்கும் பெரிய மெஷின்கள் இரண்டும் காயவைக்கும் மெஷின் ஒன்றும் வைத்திருக்கிறது. முதலாளி என் மகள் வடிவு. நான் முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து, துணியை எண்ணி வாங்கி, ரசீது எழுத வேண்டும்.

தினம் குறித்து வைப்பதென்று தீர்மானம். முப்பது வருடத்துக்கு மேல் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்தியவன் நான். சிறு தொழில்கள் ஏன் முதல் வருடத்திலேயே படுத்துவிடுகின்றன என்பது ஒரு தனிப்பாடம். முதலீட்டுப் பற்றாக்குறை, தவறான இடம், விளம்பரமின்மை, உறவினர் தலையீடு என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. ஆகவே எனக்குத் தெரிந்தது தெரிந்ததுதானா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

பெயர்ப்பலகை விஷயத்தில் காலையிலேயே சச்சரவு. ‘வடிவு சலவை நிலையம்’ என்று எழுத வேண்டும் என்பது வடிவின் விருப்பம். காலமான என் மனைவியின் அண்ணன் சங்கரலிங்கம் அத்தான் எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் வந்து நின்றுகொண்டார்.

“மெஷின் வேணும்னா வச்சுக்கிடுங்க மாப்ள. யாவாரம் வேணும்னா பண்ணிக்கிடுங்க. சலவைங்கற எழுத்து மட்டும் இந்த வாசல்ல தொங்கப்பிடாது. என் தங்கச்சி வெளக்கேத்துன வாசல் இது.”

“துணி வெளுக்கிற கடைக்கு வேற என்ன மாமா எழுதட்டும்? நகைக்கடைன்னா?” என்றாள் வடிவு.

“எழுதேன். யாரு வேண்டாங்கா? இருந்த நகையை வித்துத்தான கடையே போட்டிருக்க.”

நான் சமாதானம் செய்துவைத்தேன். பிற்காலத்தில் தொழிலை விரிவுபடுத்த வசதியாக, பொதுவான பெயர் இருப்பது நல்லது என்றேன். அது பாடப் புத்தகத்திலும் உள்ளதுதான். வடிவு என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சரிப்பா” என்றாள். ‘வடிவு என்டர்பிரைசஸ்’ என்று முடிவாயிற்று. நீல எழுத்து. பார்க்க நன்றாக இருக்கிறது.

இன்னொன்றையும் குறித்துவிட வேண்டும். பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் பெங்களூரில் இருக்கும் என் மகன் குமரகுரு. ஒரு நிபந்தனையின் பேரில் போட்டான். தீபாவளிக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின்களை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, வடிவு மதுரைக்குத் தன் கணவர் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அவர் அழைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். மூன்று வருடமாகத் தயாராகத்தான் இருக்கிறார். வடிவு தலையை ஆட்டினாள். நானும் அங்கே இருந்தேன்.

ஜூன் 11

ஆதார் கார்டில் விலாசம் மாற்ற ஒருவர் வந்தார். ஜெராக்ஸ் எடுக்க ஒருவர். ஏலச்சீட்டு உண்டா என்று ஓர் அம்மாள். துணியோடு யாரும் வரவில்லை.

“பேசாம ஏலச்சீட்டே நடத்திருவோம்பா. கடைசில ஓடிப்போகதுக்காவது ஒரு காரணம் இருக்கும்” என்றாள் வடிவு. வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

என் வேட்டிகளைக் கேட்டாள். மெஷின் சும்மா கிடக்கிறதாம். வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அம்மா போனதிலிருந்து அப்படித்தான் பழக்கம்.

ஜூன் 19

முன்பக்கக் கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி பனிபடர்ந்தாற்போல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவித்தேன். என் பென்ஷனிலிருந்து. வெயில் தாக்காது. வடிவு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தவள் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“உள்ள என்ன நடக்குன்னு தெரியாட்டா எவம்பா வருவான்?”

“ஒரு கௌரவம் இருக்கும்மா.”

“யாருக்கு?”

துணியைத் திருப்பிக் கொடுக்கும் பைகளும் நான்தான் மொத்தமாக வாங்கினேன். பெயர் அச்சிட்ட வெள்ளைப் பை ஒன்று, வெறும் கறுப்புப் பை ஒன்று என இரண்டு வகை காட்டினார்கள். கறுப்பை எடுத்தேன். கறுப்பில் அழுக்குத் தெரியாது. வடிவு அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து, “வெளுத்த துணியைக் குப்பை போடுத பைலயா குடுக்கச் சொல்லுதிய?” என்றாள். நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

ஜூன் 28

இன்று ஒருவர். அவரும் வழி கேட்க.

ஜூலை 6

தெருமுனை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கும் இசக்கிமுத்துவை இன்று தவிர்க்க முடியவில்லை. இதுவரை என்னைக் கண்டால் தோளிலிருக்கும் துண்டை எடுத்துவிடுவார். இன்று எடுக்கவில்லை.

“தேய்க்கதுக்கும் மெஷின் வருதாம்லா ஐயா?”

“இல்லை. இப்போதைக்குத் துவைப்பது மட்டும்தான்.”

“எங்க பொழப்பை எடுத்துக்கிட்டிய. சரி, காலம் அப்பிடி. பேரை மட்டும் அசிங்கம்னு எங்ககிட்டயே விட்டுட்டிய பாத்தியளா, அது என்ன ஞாயம்?”

சந்தையில் போட்டி என்பது, என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் கரியை ஊதினார். சாம்பல் என் சட்டையில் வந்து விழுந்தது. வேண்டுமென்று செய்ததா, காற்றின் போக்கா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளையிலிருந்து பால் வாங்க அடுத்த தெரு வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 18

காலை நடையில் மரியதாஸ் சேர்ந்துகொண்டார். என்னோடு ஓய்வுபெற்றவர், இயற்பியல். “என்ன நாயகம், மக கம்பெனி ஆரம்பிச்சிருக்காளாமே?” என்றார். துணி சம்பந்தப்பட்டது என்றேன். அது பொய்யில்லை.

“ஆகா. பேரனுக்குப் பொறந்தநாள் வருது. சட்டை எடுக்க வாரோம். வாத்தியார்மாருக்குத் தள்ளுபடி உண்டும்லா?”

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 21

மரியதாஸ் மனைவியோடு வந்துவிட்டார். ஸ்டிக்கர் வழியே நிழலைப் பார்த்தே அடையாளம் கண்டேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். இன்று வார விடுமுறை என்று நினைத்திருப்பார்கள். வடிவு பின்கட்டில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது.

அவள் ஹைகிரவுண்டில் இரண்டு பெண்கள் விடுதிகளைப் பிடித்திருக்கிறாள். அவளே போய்ப் பேசி, அவளே ஆட்டோவில் கொண்டுவருகிறாள். எல்லாம் போர்வைகள். நனைந்த போர்வை பொல்லாத கனம். மெஷினிலிருந்து எடுத்து அடுத்ததில் போடும்போது வலது கையால் மட்டும் இழுக்கிறாள். இடது கை முழங்கையில் சரியாக மடங்காது. மதுரையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அப்போது சொன்னார்கள். குளியலறையில் வழுக்கி விழுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. வெள்ளைத் துணி பழுப்படிக்கிறது. ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இதையும் காரணங்களில் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்டு 3

மதுரையிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். எப்போதும் போல மரியாதையான பேச்சு.

“கடை எப்படி மாமா போகுது?”

பரவாயில்லை என்றேன்.

“அவளுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது மாமா. ஒங்களுக்குத் தெரியாததா. நான் ஒண்ணும் அவசரப்படுத்தலை. தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அவ ரூமுக்கு என்ன கலர்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

யார் போனில் என்று வடிவு கேட்டாள். தவறான எண் என்றேன்.

ஆகஸ்டு 21

ஒரு மண்டபத்திலிருந்து மேனேஜர் என்று ஒருவர் வந்தார். வடிவு பேங்குக்குப் போயிருந்தாள். விவரம் தெரியாமல் வந்திருக்கிறார். அனுப்பிவைத்தேன்.

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஆகஸ்டு 25

குமரகுரு கேட்டானென்று, கடை ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஓர் அறிக்கை போல எழுத உட்கார்ந்தேன். முறையாகச் செய்தால் எனக்கே தெளிவு வரும். இடம்: வாடகை இல்லை, இது நமக்குச் சாதகம். மூலதனம்: போதுமானது, ஆனால் நடைமுறைச் செலவுக்குக் கையிருப்பு இல்லை. தண்ணீர்: உப்பு. விலை: விடுதிக்காரர்களுக்குக் குறைத்துப் பேசியிருக்கிறாள், நான் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். விளம்பரம்: இவ்வகைத் தொழிலுக்கு வாய்வழி விளம்பரமே சிறந்தது, இதில் மேலும் கவனம் தேவை.

காப்பி கொண்டுவந்த வடிவு என் தோளுக்குமேல் நின்று வாசித்திருக்கிறாள். கடைசி வரி வந்ததும் சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. ஆனால் அது நல்ல சிரிப்பில்லை.

“வாய்வழி விளம்பரம்னா யார் வாய்ப்பா? ஒங்க வாயா, மாமா வாயா?”

அறிக்கையைக் கிழித்துவிட்டேன். நடை சரியாக அமையவில்லை.

செப்டம்பர் 3

அத்தானின் மனைவி பகவதியம்மாள் பின்வாசல் வழியாக வந்தார். வேலைக்காரப் பெண்ணின் தலையில் ஒரு மூட்டை. வீட்டுத் திரைச்சீலை, மெத்தை உறை அத்தனையும். பேத்தியைப் பெண்பார்க்க வருகிறார்களாம். வடிவு எடைபோட்டுத் தொகையைச் சொன்னாள். பகவதியம்மாள் காதில் விழாதவர் போல முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காசா? ஏட்டி, சொந்தத்துக்குள்ள காசு வாங்குனா அப்புறம் அது சலவைக்காரி கணக்கால்லா ஆயிரும். காசு வாங்காம செஞ்சாத்தான் நீ எங்க வீட்டுப் பிள்ள.”

“அப்ப சரி அத்த” என்று மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் அவளே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாம் மடிப்புக் கலையாமல் அழகாக அடுக்கியிருந்தது. எதையும் துவைக்கவில்லை. தூசியோடு மடித்திருந்தாள். “உங்க வீட்டுப் பிள்ளையா செஞ்சது அத்த. காசு வேண்டாம்” என்றாளாம்.

அத்தான் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். மதுரைக்காரன் ஏன் கையை ஓங்கினான் என்று இப்போதுதான் புரிகிறதாம். நான் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். திரி நனைந்திருந்தது, பற்றவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கள் சங்கத்து மண்டபத்தில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த மண்டபக் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினன். வாசல் கல்வெட்டில் ஐந்தாவது பெயர். இதை முன்பே எழுதியிருக்கலாம். எழுதும் அவசியம் வரவில்லை.

பந்தியில் எனக்கு இடப்பக்கம் வடிவு, வலப்பக்கம் அத்தான். மேஜை விரிப்பில் பழைய சாம்பார்க் கறை. வடிவு அதை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்து மேனேஜர் பந்தி விசாரிக்க வந்தார். கமிட்டிக்காரர் என்று என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்தார்.

“இந்த விரிப்பெல்லாம் எங்க அண்ணாச்சி வெளுக்கக் குடுக்கிய?” என்று வடிவு அவரைக் கேட்டாள்.

“நாகர்கோவில் பார்ட்டிம்மா. ஒழுங்காச் செய்யமாட்டேங்கான். வேற வழி? ஒங்க கடைக்குத்தான் மொதல்ல வந்தேன். உள்ளூர்ல இருக்கே, ஒரு முகூர்த்தம் விடாம குடுத்திரலாம்னு. ஐயாதான் இங்க அந்த வேலையெல்லாம் எடுக்கதில்லன்னுட்டாவ.”

அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அத்தான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “சரியாத்தான சொல்லியிருக்காரு. கமிட்டி மெம்பர் வீட்ல மண்டபத்து எச்சி விரிப்பை அலசவா?” என்றார்.

“மாமா, நீங்க சாப்பிடுங்க. இது எனக்கும் எங்க அப்பாவுக்கும்.”

பிறகு என் பக்கம் திரும்பாமலே, இலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்து இலைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

“அந்த வேலை எடுக்கதில்லன்னா சொன்னிய?”

“நீ இல்லையே என்று...”

“நான் இல்லன்னு சொல்லியிருந்தா அவரு மறுநா வந்திருப்பாரு. நீங்க கடையே இல்லன்னு சொல்லியிருக்கிய.”

நான் உப்பை இலையின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

“நான் மதுரைக்குத் திரும்பிப் போனா இன்னொரு கையும் போயிரும்பா. அது ஒங்களுக்குத் தெரியாதுன்னா மன்னிச்சிருவேன். ஒங்களுக்குத் தெரியும். கட்டுப் போடுத அன்னைக்கு ஆஸ்பத்திரில என் பக்கத்துல நின்னது நீங்கதான். குளியலறைன்னு டாக்டர்ட்ட சொன்னதும் நீங்கதான்.”

பரிமாறுகிறவர் பாயசம் விட்டுக்கொண்டு வந்தார். அவள் போதும் என்று கையை மறித்தாள். எனக்கு விட்டார்கள். தித்திப்பு கொஞ்சம் குறைவு.

செப்டம்பர் 15

வடிவு பேசவில்லை. சாப்பாடு மேஜைமேல் மூடியிருந்தது.

செப்டம்பர் 18

பேசவில்லை. எதிர்வீட்டில் அத்தான் வாசலில் உட்கார்ந்து யாரிடமோ போனில், “தீபாவளிக்கு மதுரைல தலைதீபாவளி மாதிரித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். பழக்கதோஷம்.

செப்டம்பர் 22

காலையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. நாலு ஆட்கள் மெஷின்களைப் பலகை வைத்துப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஹைகிரவுண்டில் விடுதிகளுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் ஷெட் பிடித்திருக்கிறாளாம். பின்பக்கம் ஓர் அறையும் உண்டு, அங்கேயே தங்கிக்கொள்வாளாம். கையில் போட்டிருந்த கடைசி வளையல்கள் இல்லை. அட்வான்ஸுக்கு என்று நானாக ஊகித்துக்கொண்டேன்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். மெஷினைத் துணிபோட்டு மூடி எடுத்துப்போகச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தோன்றியதை மட்டும் எழுதுகிறேன்.

“புரட்டாசில சாமானைத் தூக்கிட்டு வாசப்படி தாண்டுதா பாரு” என்றார் அத்தான். “எத்தன நாளைக்குன்னு பாக்கத்தான போறோம்.”

“பாருங்க மாமா. இனும கண்ணாடிலயும் ஒண்ணும் ஒட்டியிருக்க மாட்டேன். நல்லாவே தெரியும்” என்றாள்.

நான் அவள் பின்னாலேயே ஆட்டோ வரைக்கும் போனேன். இங்கே வாடகை இல்லையே, அங்கே மாதாமாதம் கொடுக்க வேண்டுமே, அது நிரந்தரச் செலவாகிவிடுமே என்றேன். வணிகவியலின்படி அது சரியான கேள்விதான்.

“இங்கயும் நாலு மாசமா வாடகை குடுத்துக்கிட்டுத்தாம்பா இருந்தேன்” என்றாள். “நீங்க நாளைல இருந்து கடைக்கு வரவேண்டாம்.”

“ரசீது எழுத ஆள்?”

“எழுதிக்கிடுவேன்.”

என்டர்பிரைசஸ் பலகை வாசலிலேயே இருக்கிறது. அதை அவள் கேட்கவில்லை.

செப்டம்பர் 24

ஆதார் கார்டுக்கு ஒருவர் வந்தார். இல்லை என்றேன்.

அக்டோபர் 12

ஆஸ்பத்திரிக்குப் போகிறமாதிரி பஸ் ஏறினேன். வடிவின் ஷெட் இருக்கும் தெருமுனை தெரியும்படி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பலகை வைத்திருக்கிறாள். பெரியது. ‘வடிவு சலவை நிலையம்’. கீழே சிறிய எழுத்தில் மண்டபத் துணி, விடுதித் துணி, வீட்டுத் துணி. பஸ் சிக்னலில் நின்றதால் முழுதும் வாசிக்க முடிந்தது. முன்னால் மறைப்பே இல்லை. மெஷின் சுற்றுவது ரோட்டிலிருந்து தெரிகிறது. இரண்டு நர்ஸ் பெண்கள் வாளியோடு நின்றிருந்தார்கள். வடிவு கையை ஆட்டி அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கை.

இறங்கவில்லை. கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் ஒருமாதிரி பார்த்தார்.

திரும்பும்போது யோசனையில் பழைய வழியாகவே நடந்து இசக்கிமுத்துவின் வண்டிக்கு எதிரில் போய்விட்டேன். துண்டு தோளில்தான் இருந்தது.

“பேரையும் எடுத்துக்கிட்டாளாம்லா ஒங்க மக” என்றார். “இப்ப முழுசாப் போச்சு எங்களுக்கு.”

அவரிடம் நியாயம் இருக்கிறதென்று தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. மத்தியானம் குமரகுரு போன் செய்தான். அத்தானும் அந்த நேரம் பார்த்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அப்பா, அவகிட்ட கேட்டா சண்டைக்கு வாரா. மாமாகிட்ட கேட்டா வேற மாதிரி சொல்லுதாவ. நீங்க காமர்ஸ் வாத்தியார். நீங்க சொன்னா நான் கேட்டுக்கிடுதேன். கடை நிக்குமா, நிக்காதா? ஒரு வார்த்தை. நிக்காதுன்னா நான் இப்பவே மதுரைக்குப் பேசிருதேன். அவரு நாளைக்கே கார் எடுத்துட்டு வாரேங்காரு.”

அத்தான் என் முழங்காலைத் தட்டினார். “சொல்லுங்க மாப்ள. உள்ளதைத்தான சொல்லப் போறிய.”

நான் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பையன்களைக் காத்திருக்க வைப்பேன். அவர்கள் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்கள் என்று இன்று தெரிந்தது. முதலில் தண்ணீர் குடித்தேன்.

“போர்டு வைத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை” என்றேன்.

“எந்த போர்டு?”

“சலவை நிலையம் என்ற போர்டு. கடை திறந்தது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள். ஒரு தொழிலை ஒரு மாதத்தில் எடைபோட எந்தப் புத்தகத்திலும் முறை கிடையாது. ஒரு வருடம் கொடு. மதுரைக்குப் பேசாதே.”



“அப்ப ஜூன்ல இருந்து நடந்தது என்னதுப்பா?”

இதற்குப் பதில் தெரியாமலில்லை. அத்தான் எழுந்துகொண்டார். துண்டை உதறினார்.

“கெழட்டுப் பயலுக்குப் புத்தி பிசகிட்டு. அவ அங்கன உக்காந்து ஊரான் உள்பாவாடைய அலசுதா. இவரு புத்தகம் வாசிக்காரு. என் தங்கச்சி இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பா.”

“அவள் தன் மகள் கடைக்குத் துணி கொடுத்திருப்பாள்” என்றேன்.

இதை உண்மையிலேயே வாய்விட்டுச் சொன்னேனா, நினைத்தது மட்டும்தானா என்று இப்போது எழுதும்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அத்தான் போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆகவே சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. வடிவு வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் வரும் பலகாரத் தட்டும் வரவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஐப்பசி மழை விடவில்லை. துவைத்த வேட்டிகள் நாலு நாளாகக் கொடியில் ஈரமாகவே கிடந்து வாடை அடிக்கின்றன. இது ஒரு நடைமுறைக் காரணம். இதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் எழுதப் போவதில்லை.

நாலு வேட்டி, மூன்று சட்டை, ஒரு போர்வை. மீந்து கிடந்த கறுப்புப் பைகளில் ஒன்றில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கினேன்.

கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர். நான் வரிசையில் நின்றேன். வடிவு என்னைப் பார்த்தாள். முன்னால் நின்றவரின் துணியை எண்ணுவதைத் தொடர்ந்தாள். மண்டபத்து விரிப்புகள் ஒரு மூலையில் மலைபோலக் கிடந்தன. மெஷின்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் மூன்றும் ஒருசேர ஓடி நான் பார்த்ததில்லை. இவ்வளவு சத்தம் வரும் என்பதே தெரியாது.

என் முறை வந்தது. பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, மேஜைமேல் கொட்டினாள். ஒவ்வொரு வேட்டியாகப் பிரித்து, ரோட்டைப் பார்க்க உதறி, கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறாள். முன்னால் நின்றவருக்கும் செய்தாள். ஒரு வேட்டியில் மஞ்சள் கறை இருந்தது.

“இது போகாது” என்றாள். “நாள்பட்டுட்டு.”

சரி என்றேன்.

“பேரு?”

நான் அவளைப் பார்த்தேன். பேனாவை ரசீதுமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் நின்ற பெண் சற்று நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

“தெ. கோமதிநாயகம்” என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மெஷின் ஓடுகிறதல்லவா.

எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். தொகை எல்லாருக்கும் உள்ளதுதான். தள்ளுபடி எதுவுமில்லை. பணத்தை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டாள். பிறகு காலியான கறுப்புப் பையை மடித்து என் பக்கம் நகர்த்தினாள்.

“இதை நீங்களே வச்சுக்கிடுங்க. இங்க வெள்ளைப் பைதான். கடைப் பேரு போட்டது.”

“எப்போது வரட்டும்?”

“வியாழக்கிழமை. நாலு மணி.”

அடுத்த ஆளின் வாளியை இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரசீதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வேப்பமரத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். நாலு மணி என்றால் நான் வெள்ளைப் பையோடு திரும்பிவரும் நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அத்தான் வாசலில் இருப்பார். தெரு நிறைய ஆள் இருக்கும்.